எங்க ஊர்ல வந்து புளியை நிறுத்தச் சொல்லாதீங்க

அந்த வீடியோவை ஏழு பேர் அனுப்பிட்டீங்க, போதும். புளி ரத்தத்தை சுண்ட வெக்கும், எலும்பை அரிச்சுடும், இன்னைக்கே நிறுத்துங்கன்னு அந்த வீடியோக்காரர் சொன்னதை முழுசா கேட்டேன். கீழ நான் போட்ட கமெண்டும் அதுக்கு வந்த பதிலும் நீங்க பாத்ததுதான். ராத்திரி தூக்கமே வரல.

மத்த ஊர்ல என்னமோ சொல்லிக்கோங்க. கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜனங்ககிட்ட வந்து புளியை நிறுத்துன்னு சொல்லாதீங்க. இங்க எலும்பைக் கெடுத்தது புளி இல்ல, தண்ணி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃபுளோரைடு இருந்தா குடிக்கக் கூடாது, அதைத் தாண்டின போர் தண்ணியைத்தான் எங்க தலைமுறை குடிச்சு வளந்துது. எங்க பெரியப்பாவுக்கு அம்பது வயசுலயே முதுகு நிமிராது. என் பல்லுல இன்னும் பழுப்புக் கறை இருக்கு, ஸ்கூல் போட்டோ ஒன்னுலகூட நான் வாய் தெறந்து சிரிச்சிருக்க மாட்டேன். 2013ல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்துது, அதுக்குள்ள எங்களுக்கு பல்லும் போச்சு எலும்பும் போச்சு.

இப்ப கேளுங்க. ஐதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்காரங்க ஸ்கூல் பசங்களுக்கு தினம் 10 கிராம் புளி வீதம் 18 நாள் குடுத்துப் பாத்தாங்க, 2002ல அந்த ஆய்வு வந்துது. ஒண்ணுக்குல வெளிய போற ஃபுளோரைடு ஒரு நாளைக்கு 3.5 மில்லிகிராம்ல இருந்து 4.8 ஆச்சு. புளி மருந்துன்னு நான் சொல்லல, சின்ன ஆய்வு, அதுவும் தெரியும். ஆனா ஃபுளோரைடு தண்ணி குடிச்ச ஊர்ல வந்து புளிதான் எலும்பை அரிக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்.

நெஞ்செரிச்சல் இருக்கறவங்க கொறைச்சுக்கோங்க, அதுல சண்டை இல்ல.

"புளி ஆப்பிரிக்கா மரம், நம்ம பாரம்பரியமே இல்ல"ன்னு ஒருத்தர். ஆமாங்க, பூர்வீகம் ஆப்பிரிக்காதான். ஆனா தொல்காப்பியத்துல புளிமரத்துக்குன்னு தனியா விதி இருக்கு, புளியங்கொம்பு, புளியங்காய்ன்னு நடுவுல ஒரு 'அம்' வருதே அதுக்கு. அரபு வியாபாரிங்க இதுக்கு தமர் ஹிந்தின்னு பேரு வெச்சாங்க, இந்தியாவோட பேரீச்சம்பழம்னு அர்த்தம், டாமரிண்ட் அதுல இருந்து வந்ததுதான். மிளகாய் போர்ச்சுக்கீசியர் கொண்டாந்து ஐநூறு வருசம்கூட முழுசா ஆச்சோ இல்லையோ, அதை யாரும் வெளிய போன்னு சொல்றதில்ல. எங்க பக்கம் ரோட்டோரம் பூரா நின்ன மரம் இது, ரோடு அகலம் பண்றோம்னு வெட்டிட்டே வந்தாங்க, அப்ப இந்தப் பாரம்பரியம் பேசறவங்க ஒருத்தரும் வாயத் தெறக்கல.

அப்புறம் என் கமெண்டுக்கு வந்த அந்த பதில். "புளி தட்டுற குடும்பம்தானே, பொழப்பு போயிடும்னு பயமா"ன்னு. ஆமா, எங்கம்மா கிருஷ்ணகிரி பழையபேட்டைல புளி தட்டினவங்கதான். தை மாசம் உலுக்க ஆரம்பிச்சா சித்திரை வரைக்கும் வேலை இருக்கும், ஓடு உடைச்சு, நார் உரிச்சு, சின்ன சுத்தியால ஒவ்வொரு கொட்டையா தட்டி எடுக்கணும். கூலி கிலோ கணக்குல. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா விரல் நுனி எல்லாம் வெடிச்சு இருக்கும், அந்தக் கையோட களி கிண்டி, பச்சப்புளிச்சாறு கரைச்சு எங்க மூணு பேருக்கும் ஊத்துவாங்க. அந்தக் காசுலதான் நான் படிச்சேன், இப்ப நீங்க படிக்கற இந்த எழுத்து அதுல வந்தது. இதுல நான் எதுக்குங்க கூச்சப்படணும்? லட்சம் பேர் பாக்கற இடத்துல உக்காந்து ஒரு சாப்பாட்டை விஷம்னு சொல்றவங்க, அதை தட்டித் தட்டி கை தேஞ்சவங்களும் அதே போன்ல பாப்பாங்கன்னு ஒரு நிமிசம் நெனைக்க மாட்டீங்களா?

ஏன்னா எங்கம்மாவும் பாத்துட்டாங்க. அண்ணி அனுப்பியிருக்காங்க, நல்லதுன்னு நெனச்சுத்தான். நேத்து சாயங்காலம் என்கிட்ட வந்து மெதுவா, "ஏம்மா, அப்ப இத்தனை வருசமா நான்தான் உங்க எலும்பைக் கெடுத்துட்டேனா?"ன்னு கேட்டாங்க.

நான் என்ன எடுத்துச் சொல்லியும் கேக்கல. இன்னைக்கு மத்தியானம் சாறுல புளி போடாம எலுமிச்சம்பழம் பிழிஞ்சு வெச்சிருந்தாங்க.