இறங்கிப் பார்க்கவும் கூடாதாம்

எங்கள் பெரியம்மா யாழ்ப்பாணத்து வசாவிளானில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, 1990 ஜூனில் போருக்குப் பயந்து மாற்றுச் சேலைகூட எடுக்காமல் ஓடிவந்தவர். 2025 ஏப்ரல் 10ஆம் திகதி வசாவிளான் - பலாலி வீதியைத் திறந்ததும், "என்னை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போ தம்பி" என்று நின்றார். காணி உறுதிப் பத்திரத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் காரில் ஏறினார்.

35 வருடத்துக்குப் பிறகு திறந்த வீதி. திறந்தபோது போட்ட நிபந்தனைகள் என்ன தெரியுமா? காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணி வரைதான் போகலாம் என்றார்கள். நடக்கக் கூடாது. வாகனத்தை இடையில் நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. நடக்க முடியாத வீதியை எந்த ஊரில் ஐயா வீதி என்று சொல்வார்கள்? தன் வளவு வாசலில் ஒரு நிமிஷம் இறங்கி நிற்க அந்த மனுஷிக்கு உரிமை இல்லையா? வயிறு எரிகிறது.

கேட்டால் பாதுகாப்பு, பக்கத்தில் பலாலி விமான நிலையம் என்பார்கள். விமான நிலையம் வேண்டாம் என்று நாங்கள் யாராவது சொன்னோமா? விடிய விடிய வேனுக்குள் குந்தியிருந்து கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய் இடுப்பு விட்டுப்போனவர்கள் நாங்கள். பலாலியின் அருமை எங்களுக்குத் தெரியும். 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது சந்தோஷப்பட்டோம். கொரோனாவோடு நின்றுபோய் 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்ப வந்தபோதும் சந்தோஷப்பட்டோம்.

ஆனால் அந்த ஓடுபாதை நேற்று முளைத்ததா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான், அதாவது இந்த ஓடுபாதையில் இறங்கித்தான், மதராசுக்குப் போனது. அதற்குப் பிறகும் ஓடுபாதையைச் சுற்றிச் சனம் இருந்தது. வெங்காயம் நட்டது, புகையிலை நட்டது. தோட்டத்துக்கு இறைத்துக்கொண்டு நின்றபடியே பிளேன் பார்த்த கதையைப் பெரியம்மா இன்றைக்கும் சொல்வார். அதனால் எந்த விமானத்துக்கு என்ன ஆனது?

போர் முடிந்தது 2009இல். இன்னும் எங்கள் சனத்தின் காணிகள் படையினரின் முள்வேலிக்குள்தான் கிடக்கின்றன. பயணிகள் விமானமும் படைமுகாமும் ஒரே இடத்தில் இருப்பதால், காணி கேட்டுப் போனால் விமான நிலையத்தைக் காட்டுகிறார்கள். விமான நிலையத்தை ஒழுங்காக வளர்க்கச் சொன்னால் முகாம் குறுக்கே நிற்கிறது. விமானம் ஏறி இறங்க எவ்வளவு நிலம் வேண்டும், முகாம் எவ்வளவு வைத்திருக்கிறது, இரண்டையும் பிரித்துக் கணக்குக் காட்டுங்கள். ஓடுபாதையை நீட்ட உண்மையிலேயே காணி வேண்டுமென்றால் உறுதிக்காரரைக் கூப்பிட்டுக் கதையுங்கள், உரிய விலை கொடுங்கள். அதைவிட்டு, சென்னையிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தில் வந்து இறங்குகிறவருக்குத் திறக்கிற இடம், அங்கேயே பிறந்தவருக்கு மட்டும் ஏன் பூட்டிக்கிடக்க வேண்டும்?

அன்றைக்கு நான் எவ்வளவு மெல்ல ஓட்டியும் வீதி முடிந்துவிட்டது. பெரியம்மா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார், ஒரு சொல்லும் பேசவில்லை. வீட்டில் வந்து இறங்கிய பிறகுதான் கேட்டார்.

"எங்கட புளியமரம் நிண்டதே தம்பி? நீ கண்டனியே?"

நான் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.