ஓவியம் படித்தவர் கொலுசுப் பட்டறைக்குப் போனால் என்ன?

கவின் கலைக் கல்லூரியில் இளங்கலை நாலு வருடம், முதுகலை ரெண்டு வருடம் படித்துவிட்டு ஒருவர் வேறு வேலை தேடினால் ரெண்டு பேச்சு கிளம்பும். சொந்தக்காரர்கள், “அப்போ படிச்சதெல்லாம் வீணா?” என்பார்கள். கூடப் படித்தவர்களும் சீனியர்களும், “அவ்வளவுதான், வியாபாரத்துக்குப் போயிட்டா” என்பார்கள். முதல் பேச்சைத் தாங்கிக்கொள்ளலாம். அத்தையும் சித்தப்பாவும் அக்கறையில் கேட்கிறார்கள், உட்கார வைத்துப் பதில் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ரெண்டாவது பேச்சுதான் பல பேரை முடக்கிப் போடுகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் சேலம் அம்மாப்பேட்டை. அப்பா தறிக்காரர். அரசுக் கவின் கலைக் கல்லூரி என்றால் தமிழ்நாட்டில் சென்னை, கும்பகோணம் ரெண்டுதான். சேலம், தருமபுரி, நாமக்கல் பிள்ளைகள் எங்கே சேர்ந்தாலும் ஊரை விட்டுத்தான் போக வேண்டும். கல்லூரிக் கட்டணம் பெரிய விஷயமே இல்லை. தங்குகிற செலவு, சாப்பாடு, அதற்கு மேல் கேன்வாஸ், எண்ணெய் வண்ணம், நல்ல பிரஷ். ஒரு பெரிய கேன்வாஸுக்கு ஆகிற காசில் வீட்டில் என்னென்ன செய்திருக்கலாம் என்று நினைக்காமல் நான் ஒரு படத்தையும் ஆரம்பித்ததில்லை.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்தால் கைக்கு எட்டுகிற வேலை, தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியர். நானும் பார்த்தேன். பிள்ளைகள் தங்கமானவர்கள். ஆனால் தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆண்டு விழா வந்தால் மேடை அலங்காரத்துக்கு ராத்திரி வரை நிற்க வேண்டும், அதற்குத் தனிப் பணம் கிடையாது. “உங்களுக்குப் பிடிச்ச வேலைதானே மேடம்” என்பார்கள். அரசுப் பள்ளி மட்டும் என்ன? 2012-இல் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி என்று 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் என்று எடுத்தார்கள். பின்னால் தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருடக்கணக்காகப் போராடி வருகிறார்கள். இதை நம்பி எந்தப் பிள்ளை வாழ்க்கையைத் திட்டமிட முடியும்?

இந்த நிலைமையில் இருக்கிறவரிடம்தான், “உண்மையான கலைஞன் காசைப் பற்றி யோசிக்க மாட்டான், பொறுமையா இரு” என்று அறிவுரை சொல்கிறார்கள். பொறுமையாக இருக்கப் பணம் வேண்டும். ஊரில் வாடகை வருகிற வீடு இருப்பவர் அஞ்சு வருடம் பொறுப்பார், ஒரு கண்காட்சி, ரெண்டு கண்காட்சி என்று மெதுவாகப் பெயர் எடுப்பார். தறிக் கூலியில் படித்து வந்தவருக்கு அந்த அஞ்சு வருடத்தை யார் தருவார்கள்? அவர் வேலை தேடினால் அதற்குத் துரோகம் என்று பெயர் வைப்பது அநியாயம். இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களும் யாரோ சொல்லக் கேட்டுத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் நிறுத்த வேண்டிய பேச்சு இது.

நாங்கள் படித்த கல்லூரியின் கதையே வேறு விதம். சென்னையில் 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. மண்பாண்டம், மரச்சாமான், உலோக வேலை எல்லாம் சொல்லித் தருகிற தொழிற்கலைப் பள்ளியாக வளர்ந்தது. 1890-களின் கடைசியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு அடி போட்ட இடங்களில் ஒன்று ஓவியக் கல்லூரி என்று சொன்னால் இன்று படிக்கிற பிள்ளைகளே நம்ப மாட்டார்கள்.

சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே சென்னைக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் அதை அமைத்தார்கள். அதற்கு நிலம் வாங்கிய பணம், மெழுகு வைத்துச் சாயம் போடுகிற பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று வந்தது. காலையில் பாத்திக், அப்புறம் தங்கள் ஓவியம் என்று பிழைத்தவர்கள் அவர்கள். அந்த ஓவியங்களைப் பாடமாகப் படித்தோம். பாத்திக் விற்ற கணக்கை யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அந்தக் கணக்குதான் தேவைப்பட்டது.

நம்ம ஊருக்கே வருவோம். ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டூடியோவின் வளைவைப் பார்க்காத சேலத்துக்காரர் இருக்க முடியாது. அதை நடத்திய டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தில் லீட்ஸ் போய்த் துணித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். 1930-களில் அவர் தொடங்கிய அந்த ஸ்டூடியோ நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தது. துணிப் படிப்பு வீணாகிவிட்டது என்று இன்று யாராவது அவரைச் சொல்வார்களா? அந்த ஸ்டூடியோ ஓடிய வரை செட் போடவும் வண்ணம் அடிக்கவும் திரைச்சீலை எழுதவும் ஆள் வேண்டியிருந்தது. வரையத் தெரிந்தவருக்கு இந்த ஊரிலேயே வேலை இருந்தது.

சரி, நான் இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த அண்ணன் ஒருவருடைய கொலுசுப் பட்டறைக்கு டிசைன் வரைகிறேன். 2025-இல் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனதும் கடைக்காரர்கள் எல்லோரும் எடை குறைவாகக் கேட்க ஆரம்பித்தார்கள். எடை குறைய வேண்டும், பார்வைக்குக் கனமாகத் தெரிய வேண்டும். எங்கே வெள்ளியை எடுத்தால் கண்ணுக்குத் தெரியாது என்று முடிவு செய்வது முழுக்க முழுக்க ஓவியன் வேலை. இடைவெளியும் கோடும் சேர்ந்து ஒரு வடிவத்தைத் தூக்கிக் காட்டுவதைத்தான் ஆறு வருடம் படித்தோம்.

முதலில் மயில் ஒன்று வரைந்து கொண்டுபோனேன். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. மாதிரி செய்து வந்ததும் அங்கே வேலை செய்கிற பெரியவர் ஒருவர் பழைய பருத்திச் சேலையை எடுத்து அதன் மேல் கொலுசை மெதுவாக இழுத்தார். மயில் அலகில் நூல் மாட்டியது. “நூலு இழுக்குது பாரு பாப்பா. நடக்கிறப்ப சேலை கிழிஞ்சா யாரைக் கேப்பாங்க?” என்றார். அலகைக் கழுத்துப் பக்கம் மடக்கி மறுபடி வரைந்தேன். அப்புறம், மயில் நீளம். கணுக்காலைச் சுற்றி வளைய வேண்டிய இடத்தில் விறைத்துக்கொண்டு நின்றது. தோகையைத் தனியாகப் பிரித்து நடுவில் ஒரு வளையம் கொடுத்தோம். உடற்கூறு வகுப்பில் கணுக்கால் எலும்பைப் பக்கம் பக்கமாக வரைந்தது அன்றைக்குக் கை கொடுத்தது. மெல்லிய கோடு மெருகு போடும்போது அழிந்துபோகும் என்பதையும் அந்தப் பெரியவர்தான் சொல்லித் தந்தார். எந்த விமர்சகரும் என் படத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

பட்டறையிலும் ஒரு சிக்கல் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொலுசு வியாபாரம் முழுக்க எடைக் கணக்கு. டச், அதாவது வெள்ளியின் சுத்தம் பார்த்து விலை, அதற்கு மேல் கூலி. படம் வரைந்தவருக்கு அந்தச் சீட்டில் ஒரு வரி கிடையாது. ஒரு டிசைன் நன்றாக ஓடினால் பக்கத்துப் பட்டறையிலும் அதே அச்சு வந்துவிடும். நான் அண்ணனிடம் ஒரு படத்துக்கு இவ்வளவு, அதே அச்சில் மறு ஆர்டர் வந்தால் மேற்கொண்டு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தேன். அவர் யோசித்தார், ரெண்டு தடவை பேசினோம், ஒத்துக்கொண்டார். எங்கள் தெருவில் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார். கேட்டால்தானே தெரியும்.

இதைக் கல்லூரியில் சொல்லித் தந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். கொட்டேஷன் எழுதுவது எப்படி, முன்பணம் எவ்வளவு கேட்பது, எத்தனை திருத்தம் வரை இலவசம், உரிமை யாருக்கு, ஜிஎஸ்டி எப்போது வரும். கடைசி வருடத்தில் ஒரு பருவம் போதும். சேலத்து வெள்ளி, இளம்பிள்ளைச் சேலை, கும்பகோணத்துப் பக்கம் ஐம்பொன் சிலை என்று மாணவர்களை ஒரு மாதம் பட்டறையில் உட்கார வையுங்கள். ஓவியம் இதனால் கெடாது. நான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காக வரைகிறேன். யார் வாங்குவார்கள் என்ற பயம் இல்லாமல் வரைவதால் படங்கள் மாறியிருக்கின்றன, நல்லபடியாகத்தான்.

வேறு துறைக்கே போய்விட்டவர்களும் இருக்கிறார்கள். என்னோடு படித்த ஒருவர் வங்கித் தேர்வு எழுதி இப்போது நிம்மதியாக இருக்கிறார், தூரிகையைத் தொடுவதில்லை. அவரையும் யாரும் குறை சொல்ல வேண்டாம். அவர் வாழ்க்கை, அவர் முடிவு.

கடைசி வருடம் படிக்கிற பிள்ளைகள், முக்கியமாக நம்ம சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். நான் எழுதிக் கொடுத்த கொட்டேஷன் மாதிரியை அனுப்புகிறேன். தீபாவளி வேலை முடிந்ததும் பட்டறைக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன், அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.