தரமணியின் கதவுகள் எங்கள் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும்

பி.எஸ்சி. இயற்பியல் சேர வரும் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் கேட்பது, "இதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும் சார்?" நியாயமான கேள்வி. அதில் எனக்கு வருத்தமில்லை. நன்றாகப் படித்தவர்களே "தியரி ஆராய்ச்சியால யாருக்கு என்ன பிரயோஜனம், உருப்படியா ஏதாவது கருவி செய்யச் சொல்லுங்க" என்று பேசும்போதுதான் மனசு கேட்பதில்லை. கோட்பாட்டு இயற்பியல் ஒரு சாதி, பயன்பாட்டு இயற்பியல் வேறு சாதி என்று பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டும் ஒன்றாகப் புழங்கியபோது என்ன நடந்தது என்பதற்கு நம்ம கிண்டியே சாட்சி.

1952-இல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். சி.வி. ராமனின் மாணவர், அப்போது முப்பதை ஒட்டிய வயது. கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு அன்றைக்கு யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருப்பது அதுதான். தோல் பதனிடுவது என்பதே அந்தக் கொலாஜன் அழுகாமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது, கொலாஜன் மாதிரி அங்கிருந்து கிடைத்தது. எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு அவரும் கோபிநாத் கர்த்தாவும் கணக்குப் போட்டார்கள். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட அமைப்பு என்று 1954-இலும் 1955-இலும் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. கொலாஜனில் அவற்றில் மூன்றில் ஒரு பங்கு கிளைசினாக ஏன் இருக்கிறது என்பதற்கும் அதில் விடை இருந்தது. இழைகள் அவ்வளவு நெருங்கும் இடத்தில், அமினோ அமிலங்களிலேயே சிறியதான கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

இங்கிலாந்திலிருந்து எதிர்ப்பு வந்தது. அணுக்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்க முடியாது என்றார்கள். சரி, எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமச்சந்திரன் அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே அமைப்பு தெரிந்த படிகங்களிலிருந்து அணு இடைவெளிகளைத் திரட்டி, ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எதில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து கணக்கிட்டார். 1963-இல் வெளியான அந்த வேலைதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகத்தில் யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று இந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். மருந்து வடிவமைப்பவர்கள் அந்த அமைப்புகளை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். இதில் எது தியரி, எது பயன்பாடு? கோடு எங்கே போடுவீர்கள்?

இப்போது எங்கள் ஆய்வகத்துக்கு வாருங்கள். வட சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. சோடியம் விளக்கைப் போட்டால் முதலில் சிவப்பாக எரியும். உள்ளே இருக்கும் நியான் செய்யும் வேலை அது. சில நிமிடம் கழித்து, சோடியம் ஆவியான பிறகுதான் மஞ்சள் வரும். முதல் வருடப் பிள்ளைகள் அதைக் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். "ஏன் சார் கலர் மாறுது?" என்ற அந்தக் கேள்வி உண்மையான இயற்பியல். மூன்றாம் வருடம் வருவதற்குள் அது போய்விடுகிறது. கண்ணாடிப் பட்டகத்தின் ஒளிவிலகல் எண் 1.5 பக்கம் வரவேண்டும் என்று தெரியும், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, கருவியின் வெர்னியர் அளவுகோலில் பார்த்து எழுத வேண்டிய அளவுகளை ரெக்கார்டு நோட்டில் நிரப்பிவிடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். விடை தெரிந்த கேள்விகளை மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்கிறோம், விடை தெரியாத கேள்வியோடு மல்லுக்கட்டும் ஒருவரை அவர்கள் நேரில் பார்த்ததே இல்லை.

அப்படிப்பட்டவர்கள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், அடுத்தாற்போல் ஐஐடி, கிண்டியில் பல்கலைக்கழகம், சிறுசேரியில் சென்னை கணிதக் கழகம், கொஞ்சம் தள்ளிக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம். எங்கள் பிள்ளைகளில் பலருக்குக் கணித அறிவியல் நிறுவனம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. டைடல் பார்க் தெரியும்.

அந்த நிறுவனமே மாணவர்களால் பிறந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். மயிலாப்பூரில் தன் வீட்டில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திவந்தார். 1960-இல் மதராஸ் வந்த டென்மார்க்கின் இயற்பியல் மேதை நீல்ஸ் போர் அந்த மாணவர்களைப் பார்த்து வியந்து வெளியே பேசினார். அதன் தொடர்ச்சியாக 1962 ஜனவரி 3-ஆம் தேதி நிறுவனம் தொடங்கியது. ஒரு வீட்டுக் கூடத்துக்குள் பிள்ளைகளை உட்காரவைத்ததில் ஆரம்பித்த கதை இது.

இந்த நிறுவனங்களில் பொது உரைகள் நடக்கின்றன, கோடைக்கால வாய்ப்புகளும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அவை ஏற்கெனவே விவரம் தெரிந்த, ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்த பிள்ளைக்குத்தான் போய்ச் சேருகின்றன. நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். மாதம் ஒரு சனிக்கிழமை, சாதாரணக் கல்லூரி மாணவர்கள் இருபது பேர். கரும்பலகை முன்னால் ஓர் ஆராய்ச்சியாளர் தான் இப்போது எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறார் என்பதைத் தமிழில் சொல்லட்டும். அப்புறம் அவர்கள் கேட்கட்டும்.

இந்த நிறுவனங்களில் இருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள். பிள்ளைகளைப் பறக்கும் ரயிலில் தரமணி வரை கூட்டிவருவது என் பொறுப்பு. கல்லூரி முதல்வரிடம் அனுமதி வாங்குவதும் என் பொறுப்பு.