ரெட்ரோ வேண்டுமென்று பழைய தரையை உடைத்தவர்களுக்கு

பெங்களூரில் ஒரு பழைய பங்களாவை பாராக மாற்றித் திறந்த அந்த லவுஞ்ச் திறப்பு வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். ரிச்மண்ட் டவுனில் உள்ள அந்த பங்களாவில் இருந்த ரெட் ஆக்சைடு தரையை, அதாவது பழைய சிவப்பு சிமென்ட் தரையைப் பெயர்த்தெடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். ரெட்ரோ லுக்காம். பழைய காலத்தைக் காட்டுவதற்குப் பழைய தரையையா உடைப்பார்கள்?

நானும் இதே தொழில்தான். பார் வடிவமைப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. கவுன்ட்டர் 42 அங்குலம் என்றால் ஸ்டூல் 30 அங்குலம் இருக்க வேண்டும். பார்டெண்டர் நின்ற இடத்திலேயே ஐஸும் பாட்டிலும் கைக்கு எட்ட வேண்டும். விளக்கின் ஒளி நிறம் 2700 கெல்வின் அளவில் இருந்தால்தான் அந்த மஞ்சள் இதம் வரும். இதையெல்லாம் அவர்கள் நன்றாகவே செய்திருக்கிறார்கள். பித்தளை விளிம்பு அவ்வளவு அழகு. அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது. இவ்வளவு தெரிந்தவர்களுக்குத் தரையின் அருமை தெரியாமல் போய்விட்டதே.

என் தாத்தா அல்சூரில் கொத்தனார். சிமென்டில் ரெட் ஆக்சைடு பொடி கலந்து பூசி, ஈரம் இருக்கும்போதே கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். பாதியில் விட்டால் ஒட்டுப்போட்ட இடம் திட்டாகத் தெரியும். அதனால் ஓர் அறையைத் தொடங்கினால் முடிக்காமல் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டாராம். அப்புறம் தண்ணீர் கட்டி வைப்பார்கள். வருடக்கணக்காகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, ஆட்கள் நடந்து நடந்துதான் அந்தப் பளபளப்பு வரும். உடைத்தால் போனதுதான். எந்தக் கடையிலும் கிடைக்காது.

"விரிசல் இருந்தது, காக்டெய்ல் சிந்தினால் கறை பிடிக்கும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். விரிசலை அதே நிறத்தில் அடைக்கலாம். மேலே கறை இறங்காமல் தடுக்கும் சீலர் பூச்சு அடிக்கலாம். கவுன்ட்டருக்கு உள்பக்கம் ரப்பர் மேட் போட்டால் முடிந்தது. "முதலாளி பணம், அவர் இஷ்டம்" என்கிறீர்கள். சரி, அவர் இஷ்டம். என் வருத்தத்தையும் சொல்லக்கூடாதா? "பொம்பளைக்கு எதற்கு பார் பேச்சு" என்றவருக்குப் பதில் சொல்வதாக இல்லை.

சரி, எந்தப் பழங்காலத்துக்காக உடைத்தார்கள்? 1920-களின் நியூயார்க் ரகசிய பாருக்காக. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. ஒளிந்து குடித்தார்கள், கதவை மறைத்தார்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்த பெங்களூர் கண்டோன்மென்டில் யார் ஒளிந்தார்கள்? 1915-ல் தொடங்கிய யுனைடெட் புரூவரிஸ் பட்டாளத்துக்கு பீர் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. டீவர்ஸ் பாரின் பிரம்பு நாற்காலிகள், சர்ச் ஸ்ட்ரீட்டில் விண்கலம் மாதிரியே கட்டிய நாசா பப், எம்.ஜி. ரோடுக்கு சவுத் பரேட் என்று பெயர் இருந்த காலத்து பிளாசா தியேட்டர் என்று நம் ஊரிலேயே எவ்வளவு இருந்தது! ஒன்றுகூட அவர்கள் கண்ணில் படவில்லை.

1809-ல் கண்டோன்மென்ட் வந்த நாளிலிருந்து மெட்ராஸ் பட்டாளத்தோடு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! இந்த பங்களாக்களில் எங்கள் ஆட்களும் மண் சுமந்தார்கள், சுவர் எழுப்பினார்கள், தரை போட்டார்கள். வீட்டுக்காரர் பெயர் வாசல் கல்லில் இருக்கும். கொத்தனார் பெயர் எங்கேயும் இருக்காது. அவர்கள் விட்டுப்போனது அந்தத் தரை மட்டும்தான். அதையும் மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிட்டீர்கள்.

பழைய பங்களாவை பாராக மாற்றப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தரையில் கடப்பாரை படுவதற்கு முன்னால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். ரெட் ஆக்சைடு வேலை தெரிந்த கொத்தனார்கள் காக்ஸ் டவுன் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு வந்து பார்த்துச் சொல்கிறேன். எனக்கு ஒரு பைசா வேண்டாம்.