சாகாத கம்ப்ரசருக்குப் பத்து வருஷ வாரண்டி

போன வாரம் எங்கள் வீட்டு ஸ்பிளிட் ஏசி மறுபடியும் படுத்துவிட்டது. 2017இல் வாங்கியது. இது மூன்றாவது பெரிய செலவு.

பாய் வந்து பால்கனிச் சுவரில் ஏறி அவுட்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றினார். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏசி பார்ப்பவர். எனக்கு வயது நாற்பத்தாறு ஆகிவிட்டது, அவருக்கு நான் இன்னும் தம்பிதான். "இங்க பாருங்க தம்பி" என்று காயிலின் அலுமினியத் தகட்டை ஒரு விரலால் தொட்டார். பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கி, வெள்ளைப் பொடியாகக் கொட்டியது. உள்ளே போகும் செம்புக் குழாயில் சோப்பு நுரையைத் தடவினார். ஒரு வளைவின் ஓரத்தில் கடுகு அளவுக்கு ஒரு குமிழ் வந்தது, உடைந்தது, திரும்ப வந்தது. அவ்வளவுதான் ஓட்டை. புதுக் காயில், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய்.

உள்ளே இருந்து அம்மா சொன்னார்: "உங்கப்பா வாங்கின ஏசி இருபது வருஷம் ஓடுச்சு. ஒரு நாள் மக்கர் பண்ணல."

இந்த வசனம் எல்லா வீட்டிலும் உண்டு. நானும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். 2000இல் அப்பா ஒரு ஒன்றரை டன் விண்டோ ஏசி வாங்கினார். சுவரை உடைத்து, தச்சரை வைத்து மரச்சட்டம் அடித்து, நாலு பேர் தூக்கி வைத்த இரும்புப் பெட்டி. மே மாதம் மொத்தக் குடும்பமும் அந்த ஒரே அறையில்தான் படுக்கும். கம்ப்ரசர் நிற்கும்போது ஒரு உலுக்கு உலுக்கும், அதில் பாதித் தூக்கத்தில் புரண்டு படுப்போம். 2021இல் வீட்டை மராமத்து செய்தபோது கழற்றினோம். அன்றைக்கும் அறை குளிர்ந்துகொண்டுதான் இருந்தது.

அம்மா சொன்னதைக் கேட்டு பாய் சிரித்தார். "ஒரு நாள் மக்கர் பண்ணலையா? 2008ல கம்ப்ரசர் மாத்தினோமே, மறந்துட்டீங்களா அம்மா? ஃபேன் மோட்டார் ரெண்டு தடவ. அடித்தட்டு துருப்பிடிச்சு ஓட்டை விழுந்து வெல்டிங் வெச்சேன். கெப்பாசிட்டர் எத்தனை மாத்தினேன்னு கணக்கே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. எல்லாம் நடந்ததுதான். ஏன் ஒன்றுமே நினைவில்லை? யோசித்துப் பார்த்தால், கம்ப்ரசரைத் தவிர எதுவும் ஒரு மத்தியானத்துக்கு மேல் நீடித்த பிரச்சினையாக இருந்ததில்லை. காலையில் சொன்னால் பாய் சைக்கிளில் வருவார், சட்டைப்பையில் கெப்பாசிட்டர் இருக்கும், முன்னூறு ரூபாயோடு முடிந்துவிடும். அந்தக் காலத்து ஏசியும் கெட்டுப்போனது. கெட்டால் சரியானது. இதைத்தான் நாம் 'உழைத்தது' என்கிறோம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா வாங்கிய அதே வருஷம் எதிர்வீட்டு மாமாவும் ஒரு விண்டோ ஏசி வாங்கினார். அது ஆறு வருஷத்தில் காயலான் கடைக்குப் போனது. அதைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. தப்பிப் பிழைத்ததை மட்டும் வைத்துக்கொண்டு 'அந்தக் காலத்துப் பொருளே பொருள்' என்று பேசுவது, நூறு வயதுத் தாத்தாவைக் காட்டி பீடி குடித்தால் ஒன்றும் ஆகாது என்பது மாதிரி.

சரி, அப்படியானால் புதியது பழையது எல்லாம் ஒன்றுதானா? இல்லை. வித்தியாசம் நிஜமாகவே இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை.

பாய் தன் பையிலிருந்து இரண்டு குழாய்த் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். ஒன்று பழைய விண்டோ காயிலில் அறுத்தது, சுண்டுவிரல் பருமன். அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. இன்னொன்று இப்போதைய காயிலுடையது, ஏழு மில்லிமீட்டர்; சுவரின் கனம் கால் மில்லிமீட்டர் சொச்சம். கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் ஸ்ட்ரா மாதிரி சப்பையாகிவிட்டது. இதை வெறும் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. குழாய் மெலிந்தால் வெப்பம் சீக்கிரம் கடக்கும், கேஸும் குறைவாகப் போதும், கரண்டும் மிச்சமாகும். 2010இலிருந்து ரூம் ஏசிக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். அந்த நட்சத்திரங்கள் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு பங்கு இந்த மெல்லிய குழாயிலிருந்தும் வந்தது.

கேஸும் மாறிவிட்டது. பழையதில் இருந்த ஆர்22 ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987 மாண்ட்ரீல் ஒப்பந்தத்தின் வழியே படிப்படியாக ஒதுக்கப்பட்டது. நல்ல காரியம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. இப்போது பெரும்பாலும் ஆர்32. இதன் அழுத்தம் ஆர்22ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். குழாய் மெலிந்தது, உள்ளே அழுத்தம் கூடியது. ஊசி முனை அளவு ஓட்டை போதும், சில நாளில் கேஸ் காலி.

ஓட்டை எங்கிருந்து வருகிறது? எங்கள் வீடு சென்னை கொட்டிவாக்கத்தில். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். உப்புக்காற்றில் செம்பும் அலுமினியமும் ஒட்டி இருந்தால் அலுமினியம் முதலில் அரிக்கும். வெளியே இருக்கும் காயில் நொறுங்குவது இதனால். வீட்டுக்குள் இருக்கும் காயிலுக்கு எமன் வேறு. சாக்கடை வாயுவில் கந்தகம் இருக்கிறது, அது செம்பைக் கறுக்க வைத்து அரிக்கிறது. 2020இல் எங்கள் இண்டோர் காயிலைக் கழற்றியபோது கரி பூசினாற்போல இருந்தது. அன்றைக்கு பாய் என் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி: "வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுக்குதாம்மா?" ஆமாம் என்றாள். "கொலுசு கறுக்கற வீட்ல காயிலும் கறுக்கும்" என்றார். இதைவிடச் சுருக்கமாக இந்த வேதியியலை யாரும் எனக்குச் சொன்னதில்லை. சாக்கடை பக்கத்தில் இல்லாத வீட்டிலும் புது பிளைவுட் பசை, வினிகர், தரை துடைக்கும் திரவம் ஆகியவற்றின் ஆவி ஈரக் காயிலில் படிந்து அமிலமாகி, எறும்புப் புற்று மாதிரி செம்புக்குள் பொந்து போடும். பழைய தடித்த குழாயிலும் இதெல்லாம் நடந்தது. அரித்து மறுபக்கம் வரத்தான் வருஷக்கணக்கில் ஆனது.

கடையில் 'நூறு சதவீதம் காப்பர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். நீலப் பூச்சு, தங்கப் பூச்சு என்பான். பூச்சு அலுமினியத் தகட்டுக்கு. ஓட்டை விழுவது செம்புக் குழாயில். எவ்வளவு கனமான காப்பர் என்று கேட்டுப் பாருங்கள், சேல்ஸ்மேன் தம்பி நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

அப்புறம் போர்டு. பழைய ஏசியில் எலக்ட்ரானிக்ஸ் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஒரு திருகு சுவிட்ச், ஒரு தெர்மோஸ்டாட். இன்வெர்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது. வெயில், மழை, உப்பு, கரண்ட் ஏற்ற இறக்கம் எல்லாம் அதன் தலையில். 2022 மழைக்காலத்தில் எங்களுடையது செத்தது. மூடியைத் திறந்தால் போர்டின் மேல் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. கதகதப்புக்கு வந்திருக்கும், பாவம். கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, அந்த மாடலுக்கு போர்டு வருவதில்லை, எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஐந்து வயதான ஏசி! பாய் போர்டைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போனார். நாலாம் நாள் திரும்பி வந்தது. 2,800 ரூபாய். இன்றைக்கும் அதே போர்டுதான் ஓடுகிறது. கம்பெனியால் முடியாதது ஒரு சந்துக்கடையில் லென்ஸும் சால்டரிங் கம்பியும் வைத்திருக்கும் பையனால் முடிகிறது என்றால், அந்த 'வருவதில்லை'யை நான் எப்படி நம்புவது?

மாட்டும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். விண்டோ ஏசியில் கேஸ் ஓடும் பாதை முழுக்கத் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடியது. நம் வீட்டில் செய்ய வேண்டியது தூக்கி வைப்பது மட்டும். ஸ்பிளிட்டில் நாலு இணைப்புகளை நம் வீட்டு ஏணியில் நின்றுகொண்டு ஒருவர் போடுகிறார். அதுவும் ஏப்ரல், மே மாதத்தில், அன்றைய ஆறாவது வீடாக, ராத்திரி ஒன்பது மணிக்கு. எங்கள் வீட்டுக்கு வந்த பையனிடம் வேக்குவம் போடவில்லையா, அதாவது பம்ப் வைத்துக் குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கவில்லையா என்று கேட்டேன். "பம்ப் வேற வண்டில இருக்கு சார், கேஸ் வெச்சே காத்த வெளிய தள்ளிடலாம்" என்றான். இந்தப் புது கேஸோடு போகும் எண்ணெய் ஈரத்தைக் குடிக்கிற வகை. குழாயில் தங்கிய ஈரக் காற்றை அது குடித்துவிட்டு உள்ளேயே அமிலமாக மாறும். அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவன் அரை மணி நேரம் பம்ப் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா?

இப்போது வாரண்டி அட்டையை எடுத்துப் பாருங்கள். கம்ப்ரசருக்குப் பத்து வருஷம், கொட்டை எழுத்தில். என் ஏசியில் இதுவரை ஒரு குறையும் வராத ஒரே பாகம் கம்ப்ரசர்தான்! இன்வெர்டர் கம்ப்ரசர் அடிக்கடி நின்று கிளம்புவதில்லை, மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் அதற்குத் தேய்மானம் குறைவு. கெடாத பாகத்துக்குப் பத்து வருஷம் உறுதி. கெடும் காயிலுக்கும் கேஸுக்கும் ஒரே வருஷம். சாவே வராதவனுக்கு ஆயுள் காப்பீடு எடுத்துத் தருவது மாதிரி. இப்போது சிலர் ஐந்து வருஷ முழு வாரண்டி தருகிறார்கள். வாங்குபவர்கள் காயிலும் கேஸும் அதில் சேருமா, அரிப்பு சேருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

கோபத்தில் ஒரு கணக்குப் போட்டேன். பழைய ஏசி ஒரு ராத்திரிக்குப் பதினோரு யூனிட் இழுத்தது. புதியது நாலரை. வருஷத்துக்கு நூற்றைம்பது ராத்திரி, யூனிட் சராசரியாக ஏழு ரூபாய் என்று வைத்தால் வருஷம் ஏறக்குறைய 6,800 ரூபாய் மிச்சம். எட்டு வருஷத்தில் 54,400. செலவு: 2020இல் காயிலுக்கு 14,000, போர்டுக்கு 2,800, இப்போது 16,000. மொத்தம் 32,800. ஆக இத்தனைக்குப் பிறகும் நான் சுமார் 21,600 ரூபாய் லாபத்தில் இருக்கிறேன். என் கோபத்துக்குக் கணக்கு ஒத்துழைக்கவில்லை.

அதனால் பழைய இரும்புப் பெட்டியை யாரும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட் எட்டும் தூரத்தில் இருந்ததும், எங்களுக்கு ஒரு பாய் இருந்ததும் அதிர்ஷ்டம். அது இல்லாதவர் 2022லேயே புதுசு வாங்கியிருப்பார், அந்தக் கணக்கு நஷ்டத்தில்தான் முடியும். கம்பெனிகளிடம் நான் எதிர்பார்ப்பது அதிகமில்லை. வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓட்டினால் எத்தனை யூனிட் ஆகும் என்று நட்சத்திர முத்திரையில் அச்சடிக்க முடிகிறதல்லவா? அதற்குக் கீழேயே குழாயின் கனம் எவ்வளவு, போர்டு எந்த வருஷம் வரை கிடைக்கும், இன்றைய தேதியில் காயில் என்ன விலை என்று மூன்று வரி போடட்டும். 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. கம்பெனிகள் தாமாகத் தகவல் போட்டால்தான் உண்டு என்ற அளவில் அது நிற்கிறது. கட்டாயம் என்றான பிறகுதான் நட்சத்திரமே எல்லா ஏசியிலும் வந்தது, இது மட்டும் தானாக வருமா?

புதுக் காயில் நேற்று மாட்டியாகிவிட்டது. பம்ப் நாற்பது நிமிஷம் ஓடியது, நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்கும்போது அப்பாவின் விண்டோ ஏசியை 2021இல் என்ன விலைக்குப் போட்டீர்கள் என்று பாயிடம் கேட்டேன்.

"போடலையே தம்பி. மண்ணடில நம்ம மச்சான் கடைல மாட்டியிருக்கேன். போன மாசம்தான் ஒரு கெப்பாசிட்டர் மாத்தினேன்."