கடையே இல்லாத இடத்தில் வாடிக்கையாளர்

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், நான் பயன்படுத்திய தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் ‘ஸ்ரீ’ ஒழுங்காக விழவில்லை. கட்டற்ற மென்பொருள்தான்; யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் எழுதி, காசு வாங்காமல் கொடுத்தது. அவருக்கு நான் அனுப்பிய மடல்: “இதைக்கூடவா பார்க்க மாட்டீர்கள்? எப்போது சரியாகும்?” இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “பையனுக்குக் காய்ச்சல் சார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்கிறேன்.” சொன்னபடி சரிசெய்துவிட்டார். எனக்குத்தான் இன்னும் கூசுகிறது.

பணம் இல்லாமல் உற்பத்தி நடக்குமா என்று பேச்சு வந்தால் நண்பர்கள் கட்டற்ற மென்பொருளைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். நானும் இழுப்பேன். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காக லினக்ஸை, அதாவது ஓர் இயங்குதளத்தின் கருவை (கெர்னல்), எழுதத் தொடங்கி, அடுத்த வருஷமே அதைக் குனூ பொது உரிமத்துக்கு மாற்றினார்; அதை மாற்றிப் பிறருக்குக் கொடுப்பவர் மூலநிரலையும் அதே சுதந்திரத்தோடு கொடுக்க வேண்டும் என்கிற உரிமம் அது. 2017 முதல் உலகின் முன்னணி 500 மீக்கணினிகளும் (சூப்பர் கம்ப்யூட்டர்) லினக்ஸில்தான் ஓடுகின்றன. இது பண்டமாற்றுகூட இல்லை. நான் கொடுத்தால்தான் நீ தரவேண்டும் என்ற கணக்கே கிடையாது. எத்தனை பேர் அள்ளினாலும் குறையாது. (அரிசிக்கு இது பொருந்தாது, தெரியும்.)

“லினக்ஸ் கெர்னலில் பெரும்பகுதி இன்று கம்பெனிச் சம்பளக்காரர்கள் எழுதுவதுதானே?” என்று கேட்பார்கள். ஆமாம். ஆனால் அந்தக் கம்பெனியால் அதைப் பூட்டிவைத்து விற்க முடியாதே.

எனக்கு உறுத்துவது வேறு. எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு மென்பொருள். பின்லாந்துக்காரர் லாசே காலின் பல வருஷம் அநேகமாகத் தனியாளாகப் பராமரித்தார். 2022-இல் சிலர் அவரை நச்சரித்தார்கள். ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் விடுங்கள் என்று. தனக்கு நீண்டநாள் மனநலச் சிக்கல் இருப்பதையும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் அந்த மனுஷன் பொதுவில் சொல்ல வேண்டி வந்தது. அப்புறம், பொறுமையாகக் கூடமாட உதவிக்கொண்டிருந்த ‘ஜியா டான்’ என்பவரிடம் பொறுப்பில் பங்கு கொடுத்தார். 2024-இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு (அடுத்தவர் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய விடும் நிரல்) வந்தது அந்தப் பெயர் வழியாகத்தான்.

பிடித்தவர் ஆந்த்ரஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர். தொலைவிலிருக்கும் கணினிக்குள் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக நுழைய அரை விநாடி அதிகம் பிடிக்கிறதே என்று அவருக்குப் பட்டது. அரை விநாடி! நானாக இருந்தால் நெட் ஸ்லோ என்று திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அவர் தோண்டிப் பார்த்து மார்ச் 29 அன்று ஊருக்குச் சொன்னார். அதற்குள் கள்ளக்கதவு டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகள் வரை வந்துவிட்டிருந்தது.

நச்சரித்த கணக்குகளும் போலி என்றுதான் பலர் சந்தேகிக்கிறார்கள். அப்படியென்றால், அப்போதே ஏன் யாருக்கும் சந்தேகம் வரவில்லை? அவர்கள் பேசியது நாம் பேசுகிற மாதிரியே இருந்தது, அவ்வளவுதான். என் ‘ஸ்ரீ’ மடலை அந்த வரிசையில் செருகினால் வித்தியாசம் தெரியாது.

அந்தக் காலக் குடிமராமத்தில், ஏரித் தண்ணீர் பாய்கிற நிலத்துக்காரர்கள் மண்வெட்டியோடு வந்து கரை போட வேண்டியிருந்தது. இங்கேயோ பெரிய வயல்காரன் வரப்பில் நின்றுகொண்டு “மடை ஏன் அடைத்திருக்கு?” என்று கத்துகிறான். நன்கொடை கொடுத்தால் தீராதா என்பார்கள். கொடுங்கள், நல்லதுதான். ஆனால் நூறு ரூபாய் போட்டவுடன் சிலருக்கு நாக்கு இன்னும் நீண்டுவிடுகிறது. கரைக்கு ஆள் வேண்டும். அதைக் காசாக மட்டும் அனுப்பிவிட முடியாது.

போன மாதம் அதே தட்டச்சு மென்பொருளில் இன்னொரு பிழை கண்ணில் பட்டது. எனக்கு நிரல் எழுத வராது. எந்த விசை, எந்த எழுத்து, எந்தப் பதிப்பு என்று குறித்து, நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். பையன் எப்படி இருக்கிறான் என்றும் கேட்டிருந்தேன். பத்தாவது படிக்கிறானாம்.