மணிக்கணக்கு பார்த்தால் போதுமா?

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் அக்கா சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் மொபைலுக்கு அடிமையாகிவிட்டான் என்று அழுதபோது, அந்தச் சொல்தான் என்னை முதலில் உறுத்தியது. குடிக்கு அடிமை, சீட்டாட்டத்துக்கு அடிமை என்று நாம் சொல்கையில் நோயைவிடப் பழியே அதில் தூக்கலாக ஒலிக்கிறது. பதினைந்து வயதுப் பையன் மேல் அந்தப் பழியைச் சுமத்திய பிறகு, அவன் நம்மிடம் மனம்விட்டுப் பேசுவான் என்று எதிர்பார்ப்பது வீண்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1995-ல் இவான் கோல்ட்பெர்க் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 'இணைய அடிமைக் கோளாறு' என்ற ஒன்றைக் கேலிக்காகத்தான் எழுதினார். கேலி பின்னர் ஆய்வுப் பொருளானது. ஆனாலும் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றிருப்பது பொதுவான இணைய அடிமைத்தனம் அல்ல, வீடியோ கேம் சார்ந்த விளையாட்டுக் கோளாறுதான். விளையாட்டை நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் தருதல், கேடு கண்கூடாகத் தெரிந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள் நீடிக்க வேண்டும் என்கிறது அது. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கே அதில் இல்லை. நம் வீடுகளில் அந்தக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது.

அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கிப் பார்த்தேன். பையன் இரவில் விளையாடுவது வாணியம்பாடியில் இருக்கும் சித்தப்பா மகனோடும் அவனுடைய நண்பர்களோடும். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், வீட்டிலோ "சாப்பிட்டியா, படிச்சியா" என்ற அளவோடு தமிழ் முடிந்துவிடுகிறது. தன் வயதுப் பிள்ளைகளோடு வாய்விட்டுச் சிரித்து, சண்டை போட்டு, தமிழில் பேசும் இடம் அவனுக்கு அந்த ஹெட்போனுக்குள்தான் கிடைத்திருக்கிறது. மாமா மொபைலைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியபோது, இதுவும் சேர்ந்தே பூட்டப்பட்டது.

இதற்காக நான் அவனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கிறான். டியூஷனுக்குப் போவதாகப் பொய் சொல்லியிருக்கிறான். அடுத்த பரிசு எப்போது விழும் என்று தெரியாதபடி அமைக்கப்பட்ட விளையாட்டிலிருந்து பெரியவர்களாலேயே எளிதில் எழுந்துவர முடிவதில்லை. தன்னைத்தானே அடக்கிக்கொள்ள உதவும் முன்மூளை முழுதாக முதிர இருபது வயதும் கடக்க வேண்டும் என்னும்போது, 'உனக்கு மனவுறுதி இல்லை' என்று பதினைந்து வயதுக்காரனைத் திட்டுவதில் நியாயமில்லை.

இதே ஊரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014 முதல் தொழில்நுட்பப் பழக்கச் சிக்கல்களுக்கென்றே 'ஷட்' என்ற கிளினிக்கை நடத்திவருகிறது. அக்காவுக்கோ அங்கே கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற தயக்கம். அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தாள். அழைப்பதற்கு முன் பையனிடம் சொல்லிவிட்டே அழைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மாமாவுக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை.